ஒளியிழையில் இழப்பும் கொள்ளளவும்: ஒரு வரலாற்று நோக்கு

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அயர்லாந்தையும் வட அமெரிக்காவையும் இணைக்கும் முதல் தந்திக் கம்பிவடம் அட்லாண்டிக் கடலடியில் இடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபருக்கு விடுத்த வாழ்த்துச் செய்தியில் 98 சொற்களே இருந்தன. அவை மறுகரை சேர 16 மணி நேரம் ஆயிற்று. நெடுந்தொலைவைக் கடந்த மின்குறிகைகள் மங்கி, ஒன்றோடொன்று கலந்து குழம்பியமையே காரணம். மின்பணிக்குப் பொறுப்பேற்றிருந்த வைட்ஹவுஸ், அழுத்தத்தைக் கூட்டினால் குறிகை வலுப்பெறும் எனக் கருதி ஏறத்தாழ 2,000 வோல்ட்டு மின்னழுத்தத்தைச் செலுத்தினார். முன்னரே பழுதுற்றிருந்த காப்புறை மேலும் சிதைந்தது. சில வாரங்களில் வடம் அடியோடு ஓய்ந்தது.

அதே திட்டத்தில் இருந்த அறிவியலறிஞர் வில்லியம் தாம்சன் வேறு வழியை வலியுறுத்தினார். செம்பு தூயதாகவும் தடித்ததாகவும் இருத்தல் வேண்டும். மெல்லிய மின்னோட்டமே போதும். அதனை உணரும் கருவி நுட்பமானதாக அமைதல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. 1866-இல் அவ்வழியில் அமைந்த வடம் வெற்றி கண்டது. அவ்வடங்களுக்குக் காப்புறையாக அமைந்தது நம் மலாயாக் காடுகளின் கட்டாபெர்ச்சா மரப்பாலாகும். 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் தந்தி வந்து சேர்ந்தது.

இழப்பை வலுவால் வெல்ல முயல்வதா, அதன் காரணத்தை ஆராய்ந்து நீக்குவதா? தந்தி எழுப்பிய இவ்வினா, நூறாண்டுகள் கழித்துக் கண்ணாடியிலும் எழுந்தது.

கண்ணாடி இழைக்குள் ஒளி வளைந்து செல்லும் என்பது 1950-களிலேயே தெளிவாகியிருந்தது. இந்தியாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, 1954-இல் இலண்டனில் பேராசிரியர் ஹாப்கின்சுடன் இணைந்து, இழைக்கற்றை வழியே உருவங்களை அனுப்பிக் காட்டினார். உடலுள்ளே நோக்கும் மருத்துவக் கருவிக்கு அது போதுமானது, தொலைத்தொடர்புக்குப் போதாது. அன்றைய இழைகளில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 டெசிபெல் இழப்பு ஏற்பட்டது. 20 டெசிபெல் இழப்பு என்றால் நூறில் ஒரு பங்கு ஒளியே எஞ்சும் என்பது பொருள். எனவே, வெறும் 20 மீட்டரில் ஒளி நூறில் ஒரு பங்காகச் சுருங்கியது. கண்ணாடியின் இயல்பே அதுதான் எனப் பலரும் அதனைக் கைவிட்டனர்.

இங்கிலாந்தின் ஹார்லோ நகர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் காவ், ஷாங்காயில் பிறந்தவர். அவரும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். இழப்பின் அளவை மட்டும் நோக்காமல், அதன் கூறுகளை அவர்கள் பிரித்து ஆராய்ந்தனர். இரும்பு முதலிய மாசுகள் ஒளியை உறிஞ்சுவது ஒரு கூறு; கண்ணாடியின் அமைப்பே ஒளியைச் சிதறடிப்பது மற்றொரு கூறு. முன்னது மனிதனால் நீக்கத்தக்கது. பின்னது இயற்கையின் எல்லை. பேரிழப்பு நீக்கத்தக்க மாசினால் விளைவதே என்றும், கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் என்ற அளவை எட்டினால் தொலைத்தொடர்புக்கு அது பயன்படும் என்றும் அவர்கள் நிறுவினர். இப்பணிக்காகக் காவ் 2009-இல் நோபெல் பரிசு பெற்றார்.

1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் ஆகிய மூவரும் 17 டெசிபெல் இழப்புடைய இழையை உருவாக்கினர். 1979-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 0.2 டெசிபெல் அளவை எட்டினர். முன்பு 20 மீட்டரில் நிகழ்ந்த இழப்பு, இப்பொழுது 100 கிலோமீட்டரில்தான் நிகழ்கிறது.

எனினும், இயற்கையின் எல்லை எஞ்சி நின்றது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவில் இழப்பு 640 டெசிபெல் ஆகும். ஒளித்துகள் ஒன்றேனும் வந்து சேராது. ஆகவே, வழியிடையே குறிகைக்கு வலுவூட்டுதல் வேண்டும். 1988-இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஒளியிழை வடம், ஒரே வேளையில் ஏறத்தாழ 40,000 தொலைபேசி உரையாடல்களைத் தாங்கியது. அதன் இடைநிலையங்கள் ஒளியை மின்குறிகையாக மாற்றி, மீண்டும் ஒளியாக்கி அனுப்பின. அவை ஒரே வேகத்திற்கென வடிவமைக்கப்பட்டமையால், கடலில் இட்டபின் கொள்ளளவைப் பெருக்க வழியில்லை.

இத்தடையை நீக்கியது, 1987-இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெயின் குழுவினர் உருவாக்கிய எர்பிய இழைப் பெருக்கியாகும். எர்பியம் கலந்த இழையில் லேசர் ஒளியால் ஆற்றலூட்டினால், கடந்து செல்லும் குறிகை ஒளியாகவே இருந்து வலுப்பெறுகிறது. அதிலும் சிறப்பு, பல அலைநீளங்களை அஃது ஒருங்கே பெருக்குவதாகும். அதனால் ஒவ்வோர் அலைநீளத்திற்கும் ஒரு செய்தி என, ஒரே இழையில் பல தடங்களை அமைக்க முடிந்தது. 2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஒளியிழை வடம் 8 இழையிணைகளைக் கொண்டு, வினாடிக்கு 8.4 டெராபிட் கொள்ளளவுக்கு வடிவமைக்கப்பட்டது. இழப்பைச் சமாளிக்கத் தோன்றிய கருவியே கொள்ளளவுக்கும் வாயில் திறந்தது.

ஆயினும் பெருக்கி, குறிகையோடு இரைச்சலையும் பெருக்குகிறது. இரைச்சலை மிஞ்சுவதற்காக ஒளியின் திறனை வரம்பின்றிக் கூட்டவும் இயலாது. மிகுந்த ஒளி கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே மாற்றுகிறது. அண்டைத் தடங்கள் ஒன்றையொன்று குலைக்கின்றன. வைட்ஹவுஸ் கண்ட தோல்வியின் பாடம் இங்கே வேறு வடிவில் திரும்புகிறது. அதனால்தான் அண்மைக்கால வடங்கள், ஓர் இழையில் மிகுதியாகத் திணிக்காமல், இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் அளவான ஒளியைச் செலுத்துகின்றன.

இவ்வரலாற்றை வகுப்பறையில் கற்பிக்கும்போது, கண்டுபிடிப்புகளின் பட்டியலாக மட்டும் கூறுதல் போதாது. காவ் எழுப்பிய வினாவை மாணவர்முன் வைத்தல் வேண்டும். எதிர்ப்படும் தடையில் நீக்கத்தக்கது எவ்வளவு, நீக்கவியலாதது எவ்வளவு? 1966-இல் கண்ணாடி மாறிவிடவில்லை. அதனை நோக்கிய வினாவே மாறியது.