என் இனிய இயந்திரா

சுஜாதா என்ற புனைபெயர் கொண்ட எஸ். ரங்கராஜன் (1935–2008) 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய அறிவியல் புதினம். கணினிமயமான வருங்காலத்தின் சீரழிந்த சமூகத்தைக் குற்றக்கதையோடு பிணைக்கும் ‘சைபர்பங்க்’ வகைக்குத் தமிழில் நெருங்கி நிற்பது இதுவே எனலாம். ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில், மக்கள் ஈரெழுத்துப் பெயர்களையே தாங்க, பிள்ளை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டியிருக்கும் 2021இல், காணாமற்போன கணவன் சிபியைத் தேடும் நிலாவுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணையாகிறது. மேனாட்டில் இவ்வகைப் படங்கள் சில வெளிப்படையான பாலுறவுக் காட்சிகளை நாடின. குடும்ப வார இதழில் வந்த இக்கதையோ, உடல்மீது அரசு செலுத்தும் அதிகாரத்தைக் காட்டுவதோடு நின்று, அதனாலேயே கூர்மை பெற்றது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் பயின்ற ஆசிரியர், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்றவர். இப்புதினத்தின் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’.