தடவிப் பார்க்கும் மைக்ரோஸ்கோப்

மைக்ரோஸ்கோப் என்றதும் நமக்கெல்லாம் கண்தான் ஞாபகம் வரும். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெங்காயத் தோலைப் பார்த்த கூட்டம்தானே நாம்! ஆனால் நண்பர்களே, இங்கே சொல்ல வந்த கருவிக்குக் கண்ணே கிடையாது. கரண்ட் போன ராத்திரியில் சுவரைத் தடவித் தீப்பெட்டி தேடுகிறோமே, அந்த வித்தையை நம்பிப் பிறந்தது அது.

1981-ல் சூரிச் அருகே ரூஷ்லிகான் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிச் ரோரரும் ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப்பை உருவாக்கினார்கள். அணுக்களையே காட்டிய கருவி. 1986-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஊசிக்கும் பொருளுக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்தால்தான் அதற்கு வேலை ஓடும். உலோகம் சரி, சிலிக்கன் சரி. புரதம் மின்சாரத்தைக் கடத்தாத ரகம் ஆச்சே!

அதே 1986-ல் கலிபோர்னியாவில் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோப் கெர்பர் மூவரும் வேறு வழி கண்டார்கள். மெல்லிய தங்கத் தகட்டின் நுனியில் ஒரு வைரத் துணுக்கை ஒட்டி, கிராமபோன் ஊசி மாதிரி பொருளின் மேல் ஓட்டினார்கள். மேடுபள்ளத்துக்குத் தக்கபடி தகடு ஏறி இறங்கும். அதை அளந்தால் படம். இதுதான் அணுவிசை நுண்ணோக்கி. (தகட்டின் அசைவை அளக்க, அதன் முதுகில் பழைய டனலிங் ஊசியையே வைத்தார்களாம்! தகட்டில் லேசரைப் பட்டுத் தெறிக்கவிட்டு அளக்கும் சுலப வழி 1988-ல் வந்தது.)

மின்சாரச் சிக்கல் தீர்ந்தது. தொடுவதில் சிக்கல் வந்தது. கோலத்தை விரலால் தடவிப் படிக்க முடியுமா? கலைந்துபோகும். மெத்தென்ற புரதத்தின் கதியும் அதுதான். முதலில் அது உட்கார ஒரு சமதளம் வேண்டும். அதற்குக் கைகொடுத்தது மைக்கா, அதாவது சின்ன வயதில் நாம் ஏடு ஏடாக உரித்து விளையாடிய காக்காப்பொன். ஒட்டு டேப்பால் ஒரு ஏட்டை உரித்தால், அணு அளவில் சமமான புதுத் தரை தயார்.

அடுத்தது தண்ணீர். காற்றில் எந்தப் பொருள் மேலும் ஈரப்படலம் இருக்கும். அது ஊசியைப் பற்றி அழுத்தும். எல்லாவற்றையும் தண்ணீரிலேயே முக்கிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். புரதத்துக்கும் தண்ணீர்தானே பிறந்த வீடு! 1989-ல் சாண்டா பார்பராவில் பால் ஹான்ஸ்மாவின் குழு இப்படித்தான், மைக்கா மேல் ஃபைப்ரின் இழைகள் பின்னிக்கொள்வதைப் படமெடுத்தது. ரத்தம் உறைவதன் அடிப்படை வேலை அது.

என்றாலும் ஒரு சந்தேகம் அறுக்கும். நாம் காண்பது புரதத்தின் உருவமா, ஊசி அமுக்கியதால் வந்த உருவமா? என் கணக்கில் இந்த வரலாற்றின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். 1995-ல் டேனியல் முல்லர், ஆண்ட்ரியாஸ் எங்கல் முதலானோர் பாக்டீரியோரொடாப்சின் என்ற புரதத்தில் இதைச் சோதித்தார்கள். சுமார் 100 பிகோநியூட்டன் விசையில், அதாவது ஒரு கிராம் எடையின் பத்துக் கோடியில் ஒரு பங்கில், துருத்தி நின்ற ஒரு வளைவு, விசையைக் கூட்டியதும் மடங்கியது. குறைத்தார்கள், மறுபடி நிமிர்ந்தது! ஆக, படத்தோடு எவ்வளவு விசையில் எடுத்தது என்றும் சொன்னால்தான் அது பேசும்.

அமுக்குவதே குற்றம் என்றில்லை, இழுத்தும் பார்க்கலாம் என்று காட்டியது மியூனிக்கில் ஹெர்மன் காப்பின் குழு. 1997-ல் தசைப் புரதமான டைட்டினை ஊசியில் பிடித்து இழுத்தபோது, அதன் மடிப்புகள் ஒவ்வொன்றாக, 150 முதல் 300 பிகோநியூட்டனில் அவிழ்ந்தன.

மிச்சமிருந்த குறை வேகம். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஆகும். புரதம் அதற்குள் நூறு வேலை முடித்துவிடும். ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் தோஷியோ ஆண்டோ வருஷக்கணக்காக இதோடு மல்லுக்கட்டினார். சின்னஞ்சிறு தகடுகள், விறுவிறு மின்னணுச் சுற்றுகள் எல்லாம் சேர்ந்து 2010-ல் பலித்தது. மைக்கா மேல் கொழுப்புப் படலம், அதன் மேல் ஆக்டின் இழை, இழை மேல் மயோசின்-5 என்ற புரதம். அழுத்திப் பிடித்தால் அது நகராது, விட்டால் மிதந்து போய்விடும். அந்தப் பக்குவத்துக்குத்தான் இத்தனை அடுக்கு. படத்தில் அது கால் மாற்றிக் கால் வைத்து, அடிக்குச் சுமார் 36 நானோமீட்டராக நடந்து போகிறது. மேலே ஊசி அதைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது.