ஆலை நிலமும் குடியிருப்பு நிலமும்

பெரியகல்லாற்றிலே கிழக்கு நோக்கி நடந்தால் கடல். மேற்கு நோக்கி நடந்தால் மட்டக்களப்பு வாவி. இவ்விரு நீர்ப்பரப்புக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலேயே வீடும் தோப்பும் கோயிலும் பாடசாலையும் அமைய வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்தோய்ந்த பின், கரையிலிருந்து குறித்த தூரத்துக்குள் வீடு கட்டலாகாதென அரசு எல்லை வகுத்தது. நிலப்படத்தில் இடப்படும் ஒரு கோடு மக்களின் வாழ்வை எவ்வளவுக்கு மாற்றவல்லது என்பதைக் கிழக்குக் கரையோர மக்கள் அன்று நேரிற் கண்டனர்.

இன்ன நிலம் இன்ன பயனுக்குரியது என்று விதிப்பதும், பின்னர் அவ்விதியை மாற்றுவதும் நகரங்களின் வரலாற்றில் அடிக்கடி நிகழ்வனவே. கல்லாற்றைப் போலவே நீரால் நெருக்குண்ட மும்பை மாநகரில், பஞ்சாலை நிலங்கள் குடியிருப்புகளாக மாறிய வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

1854இல் காவஸ்ஜி தாவர் என்னும் பார்சி வணிகர் அந்நகரின் முதற் பஞ்சாலைக்கு வித்திட்டார். காலப்போக்கில் பரேல், லால்பாக், வோர்ளி ஆகிய பகுதிகளில் ஆலைகள் நெருங்கி எழுந்தன. அவ்வட்டாரம் கிரண்காவ், அதாவது ஆலையூர், எனப் பெயர் பெற்றது. கொங்கணக் கரையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த தொழிலாளர், 'சால்' எனப்படும் ஓரறை வீடுகளிலே நெருங்கி வாழ்ந்தனர். பலர் வாழ்ந்த ஓரறையில், பகல் முறைக்காரர் எழுந்து சென்ற இடத்தில் இரவு முறைக்காரர் உறங்குவதும் உண்டு.

1982 சனவரி 18ஆம் நாள், தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன் பின்னர் பல ஆலைகள் மீண்டும் நிமிரவில்லை. நெய்யும் துணியைவிட, தறி நிற்கும் நிலமே விலையேறியதாயிற்று. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம் கிடந்தது.

இந்நிலத்தை முறையாகப் பயன்படுத்தும் பொருட்டு 1991இல் நகர வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆம் விதி சேர்க்கப்பட்டது. ஆலை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூங்காவுக்கும் திடலுக்கும், மற்றொரு பங்கு பொது வீடமைப்புக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்பதே அதன் கருத்து. 1996இல் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொறயா தலைமையில் அமைந்த குழு, ஆலை நிலங்களைத் துண்டு துண்டாகக் கருதாது ஒருங்கே திட்டமிட வேண்டுமென அறிவுறுத்தியது.

ஆயின் 2001இல் விதி திருத்தப்பட்டது. முழு நிலத்தையும் பங்கிடுவதற்குப் பதிலாக, கட்டடமற்ற வெறு நிலத்தை மட்டும் பங்கிட்டாற் போதும் என்றாயிற்று. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 30 ஏக்கர் ஆலையொன்றில் 6 ஏக்கரே வெறு நிலமெனின், முன்னைய விதிப்படி பூங்காவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 ஏக்கர். திருத்திய விதிப்படி 2 ஏக்கர். ஆலைகளோ பெரும்பாலும் கட்டடங்களால் நிறைந்தவை.

இவ்வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் பொதுமக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, திருத்திய விதியே செல்லுமென்றது. ஆலைப் புகைபோக்கிகள் நின்ற இடங்களில் வானளாவிய மாடங்களும் வணிக மாளிகைகளும் எழுந்தன. ஆலைத் தொழிலாளருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2012இல் குலுக்கல் முறையில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. வேலைநிறுத்தம் தொடங்கி அப்போது 30 ஆண்டுகள் கடந்திருந்தன. அன்று தறியோட்டியவருட் பலர் அவ்வீட்டின் வாயிலைக் காண உயிருடன் இருக்கவில்லை.

பயன் ஒழிந்த தொழில் நிலத்தில் மக்கள் குடியேறுவது தவறன்று. இடம் குறுகிய ஊர்களுக்கு அது வேண்டியதுமாம். ஆனால் எவர் குடியேறுவர் என்பது செங்கல் அடுக்கப்படும் நாளிலன்றி, விதி எழுதப்படும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. மும்பையில் 'நிலம்' என்ற சொல்லுக்கு முன் 'வெறு' என்ற ஒரு சொல் சேர்ந்தது. ஒரு நகரின் பூங்காக்களும் ஏழையர் வீடுகளும் அதனுட் சுருங்கின. நிலம் ஒடுங்கிய ஊரினர் நிலப்படத்தை மட்டுமன்றி, அதனோடு வரும் விதியையும் சொல் சொல்லாகப் படித்தல் நன்று.