ஊசி போட்டாத்தான் ஸ்கூல்

எம்.எஸ். சேர அமெரிக்கா போனப்போ, எம்.எம்.ஆர். ஊசி போட்ட சான்றிதழ் இல்லாம கோர்ஸ் பதிய முடியாதுன்னுட்டாங்க. தட்டம்மைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கடுப்புல தேடினேன்.

1855-லேயே மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மை குத்தலைக் கட்டாயமாக்கியிருக்கு. ஆனா என்னை உலுக்கினது நியூ ஜெர்சியில் இருக்கிற கேம்டன் நகரம். 1901-ல் அங்கே பெரியம்மை பரவ, குத்திக்காத பிள்ளைக்கு ஸ்கூல் கிடையாதுன்னு உத்தரவு. பெத்தவங்க கூட்டிட்டுப் போய்க் குத்தினாங்க. கொஞ்ச நாள்ல டெட்டனஸ் வந்து, தாடை இறுகி, 9 குழந்தைங்க செத்துப் போச்சு. ஊர் சுகாதார வாரியமோ மருந்து மேல தப்பில்லை, வறண்ட காத்து, புண்ணைச் சுத்தமா வெச்சுக்கலைன்னு கைகழுவிடுச்சு. (நம்ம ஆபீஸ்ல 'யூசர் எரர்'னு பக்கை மூடுவோமே, அதே!)

கொடுமை என்னன்னா, பிள்ளைகளைக் குத்திக்கச் சொல்லி உத்தரவு போட்ட நாட்டுல, கன்னுக்குட்டி உடம்புல அந்த மருந்தை வளர்த்து விக்கிறவனுக்கு மத்திய அரசு லைசென்ஸ்னு ஒண்ணே கிடையாது. அதே வருஷம் செயின்ட் லூயிஸில் டெட்டனஸ் கலந்த டிப்தீரியா மருந்தால 13 பிள்ளைங்க போனாங்க. அப்புறம்தான், 1902 ஜூலையில், சட்டம் வந்தது: லைசென்ஸ், தொழிற்சாலையில் சோதனை, லேபிள்ல காலாவதி தேதி.

1922-ல் டெக்சஸ் வழக்கில், பள்ளிக்கு ஊசி கட்டாயம்கிறது செல்லும்னு உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

நான் நர்ஸம்மாகிட்ட குப்பியை வாங்கி, தேதியைப் பார்த்துட்டுத்தான் கையை நீட்டினேன்.