டவருக்குக் கீழே ஒரு வகுப்பு

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு என்றால் எங்கள் பக்கத்தில் பென்னிகுவிக்கில்தான் ஆரம்பிப்பார்கள். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. அதற்குப் பிறகுதான் சோறு, வாழ்க்கை எல்லாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2004-க்குப் பிறகு இதே பள்ளத்தாக்குக்கு இன்னொன்றும் வந்தது. காற்றில் வந்ததாலோ என்னவோ, அதை யாரும் வரலாறாகப் பேசுவதில்லை.

கோம்பை மலையடிவாரத்து ஊர். நாய்க்குப் பேர் போனது, கண் டாக்டருக்கு அல்ல. பார்வை மங்கினால் தேனிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். துணைக்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. அதனால் பெரிசுகள் "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு திண்ணையிலேயே இருந்துவிடுவார்கள்.

மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, எண்பதுகளில் தேனிக்கும் வந்தது. ஊர் ஊராக இலவச முகாம் போட்டார்கள். முகாம் போட்டால் சனம் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1999-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது: முகாம் நடந்த ஊர்களில் கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் 7 சதவீதம் பேர்கூட அங்கே வரவில்லை. ஒருநாள் கூத்தாக வந்துபோகும் முகாம் போதாது, ஊரிலேயே நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்று ஆனது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் உட்கார வைக்க டாக்டருக்கு எங்கே போவது?

அதற்கு விடையாக வந்தவைதான் பார்வை மையங்கள். முதலாவது, தேனிக்குப் பக்கத்து அம்பாசமுத்திரத்தில் (திருநெல்வேலி அம்பாசமுத்திரம் இல்லை). பிறகு போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி. மையத்தில் டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதித்து விவரங்களைப் பதிவு செய்வார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார்.

பேச இணைப்பு வேண்டுமே. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் குழு ஒரு காரியம் செய்தது. வை-ஃபை என்பது ஒரு கட்டடத்துக்குள் புழங்கச் செய்யப்பட்டது. ஒரு தகவல் போனதும் "கிடைத்தது" என்று உடனே பதில் வர வேண்டும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும். தொலைந்துவிட்டது என்று நினைத்துக் கருவி திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அவர்கள் அந்த விதியை மாற்றி, இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி செய்தார்கள். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான். 24 முதல் 42 மீட்டர் உயர டவர்கள். நீளமான இணைப்பு 15 கிலோமீட்டர். வானத்தைவிட மின்சாரம்தான் அதிகம் சோதித்தது. மின்னழுத்தம் எகிறிக் கருவிகள் பொசுங்கின. பெர்க்லிக்காரர்கள் எத்தனை நாள் கூடவே இருக்க முடியும்? உள்ளூர் ஊழியர்களே கருவிகளைப் பராமரிக்கக் கற்றார்கள்.

இந்தக் கதையை இதுவரை சிகிச்சையின் கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். எனக்கு இது ஒரு வகுப்பறையின் கதையாகத்தான் படுகிறது. மையத்தில் இருக்கும் பெண் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண். அரவிந்தில் இரண்டு வருடப் பயிற்சி எடுத்தவர். ஸ்லிட் லேம்பில் கண்ணைப் பார்த்து, தனக்குத் தோன்றியதைப் பதிவு செய்கிறார். டாக்டர் ஒத்துக்கொள்கிறார், இல்லையென்றால் "இன்னொரு தடவ பாரும்மா" என்கிறார். ஒரு நோயாளிக்கு ஒரு பாடம், அதுவும் கண்ணெதிரே இருக்கிற கண்ணை வைத்து. எதைக் கண்ணாடியோடு முடிக்கலாம், எதைச் சொட்டு மருந்தோடு அனுப்பலாம், யாரை இன்றைக்கே தேனிக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது இப்படித்தான் கைக்கு வருகிறது.

இதற்கு முன்னால் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்த விதமே வேறு. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, ஏ.டி.எஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் சுகாதாரமும் விவசாயமும் தொலைக்காட்சியில் போயின. பெரிய காரியம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் பெட்டி பேசியது, ஊர் கேட்டது. ஊர் திருப்பிக் கேட்க வழியில்லை.

திருப்பிக் கேட்க வழி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா 2003-இல் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். கிராமத்து மருத்துவர்கள் தங்கள் ஹெபடைடிஸ்-சி நோயாளிகளின் விவரங்களைக் காணொளியில் நிபுணர்கள் முன் வைத்து விவாதித்தார்கள். 2011-இல் வெளியான முடிவு: பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேருக்கு வெற்றி, எக்கோ வழியில் கற்றவர்களிடம் 58.2 சதவீதம். தேனிப் பெண்களுக்கு இப்படி ஒரு கணக்கை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. வை-ஃபை ஆய்வுக்கட்டுரைகளை எழுதியவர்கள் கணினி அறிவியலாளர்கள். அவற்றில் டவரின் உயரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது. ஒரு பெண் முதல் வருடத்தில் டாக்டரைக் கேட்டது எத்தனை, ஐந்தாம் வருடத்தில் கேட்காமலே சரியாகச் சொன்னது எத்தனை என்பது அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை.

இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை. அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. கொரோனாவுக்குப் பிறகு செவிலியருக்கும் கிராமச் சுகாதாரப் பணியாளருக்கும் போனிலேயே பயிற்சி என்பது சாதாரணமாகிவிட்டது. வீடியோவை ஓடவிட்டு, நாலு கேள்விக்கு டிக் அடித்தால் சான்றிதழ் வந்துவிடுகிறது. அந்தப் பயிற்சிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நேற்று பார்த்த நோயாளியைப் பற்றி அந்த அக்கா யாரிடம் கேட்பது? கேட்க ஆள் இல்லையென்றால் நாம் மறுபடி 1975-இன் பெட்டிக்கே போய்விட்டோம் என்று அர்த்தம், திரை மட்டும்தான் சின்னதாகியிருக்கிறது.

அந்தத் தலைமுறைப் பெண்கள் இப்போது நடுவயதை நெருங்கியிருப்பார்கள். இந்த வரலாற்றை எழுத நினைப்பவர்கள் டவரை அண்ணாந்து பார்த்தது போதும். அவர்களிடம் போய் உட்காரலாம். எந்த நோயை எந்த வருடத்தில், யாருடைய கண்ணில் கற்றார்கள் என்று அவர்கள்தான் சொல்ல முடியும்.