நல்லெண்ணெயும் மூளை நலமும்

நல்லெண்ணெய் என்பது எள் விதையை ஆட்டி எடுக்கப்படும் சமையல் எண்ணெய் ஆகும். எண்ணெய் என்னும் சொல்லே எள், நெய் ஆகிய இரு சொற்கள் சேர்ந்து உருவானது. முதலில் எள்ளின் நெய்யை மட்டும் குறித்து, பின்னர் பொதுப்பெயராயிற்று. இது நினைவாற்றலைக் காக்கும் என்னும் நம்பிக்கைக்கு மனிதரிடம் நேரடிச் சான்று போதிய அளவு இல்லை. இரத்த அழுத்தத்தின் வழியாக வரும் மறைமுகச் சான்றே உண்டு. அதில் ஒரு பகுதி சிதம்பரத்திலிருந்து கிடைத்ததாகும்.

வட்டாரப் பயன்பாடு

கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் முதல் சிதம்பரம் வரையுள்ள பகுதியில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நெடுங்காலமாகச் சமையலில் புழங்குகின்றன. இம்மாவட்டத்தின் விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் எள், நிலக்கடலை இரகங்களை வெளியிட்டுள்ளது. தலைக்குத் தேய்த்துக் குளிப்பதும் வழக்கம். எனினும் தலையில் தேய்க்கும் எண்ணெய் மூளையைச் சென்றடைவதில்லை.

அண்ணாமலைநகர் ஆய்வுகள்

அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட ஆய்வில் உயர் இரத்த அழுத்தம் உடைய 530 பேர் பங்கேற்றனர். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவை மருந்துடன் சேர்த்து ஒப்பிடப்பட்டன. அவற்றுள் நல்லெண்ணெயே கூடுதல் பயன் தந்தது.

2006 இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஏற்கெனவே மருந்து உட்கொண்டு வந்த 50 நோயாளிகள் 45 நாள்கள் நல்லெண்ணெயை மட்டுமே சமையலுக்குப் பயன்படுத்தினர். நாளொன்றுக்கு ஒருவருக்குச் சுமார் 35 கிராம். இரத்த அழுத்தம் குறைந்தது. நல்லெண்ணெயை நிறுத்தியபின் மீண்டும் உயர்ந்தது. சிறிய ஆய்வு ஆயினும், நிறுத்திய பின்னரும் அளந்து பார்த்தது இதன் வலிமை. மருந்துக்கு மாற்றாக எண்ணெய் இங்கு ஆராயப்படவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இவ்விரு ஆய்வுகளும் நினைவாற்றலை அளக்கவும் இல்லை.

மூளையுடன் தொடர்பு

நெடுநாள் உயர் இரத்த அழுத்தம் மூளையின் ஆழத்தில் உள்ள நுண்தமனிகளைத் தடிக்கச் செய்து குறுக்குகிறது. குருதி குறைந்த இடங்களில் சிறுசிறு திசு இறப்புகள் நேர்கின்றன. இவை சேர்ந்து குருதிக்குழாய்சார் மறதிநோய்க்கு இட்டுச் செல்லலாம். லான்செட் ஆணையம் 2024 இல் பட்டியலிட்ட, தவிர்க்கக்கூடிய 14 மறதிநோய்க் காரணிகளுள் நடுவயது உயர் இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் (எல்.டி.எல்.) அடங்கும்.

உணவையே நேரடியாகச் சோதித்த ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. எசுப்பானியாவில் ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவு உண்ட முதியோரின் அறிதிறன் ஒப்பீட்டுக் குழுவினரைவிட மேலாக இருந்ததென 2015 இல் அறிவிக்கப்பட்டது. 2023 இல் வெளியான, 604 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், மூளை நலத்துக்கென வகுத்த உணவை உண்டோருக்கும் மற்றோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

வேதியியலும் குறைபாடும்

நல்லெண்ணெயில் ஒலெயிக், லினோலெயிக் அமிலங்கள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வீதம் உள்ளன. செசமின், செசமோலின் ஆகிய லிக்னன்களும் உண்டு. மூளைச் செல்களின் படலங்களுக்குத் தேவையான டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பமிலம் இதில் இல்லை. அதன் முன்னோடியான ஆல்பா-லினோலெனிக் அமிலமும் மிகக் குறைவு. கடலூர்த் துறைமுகத்தில் இறங்கும் மத்தி, கானாங்கெளுத்தி மீன்களில் அது மிகுதி. மேலும் 35 கிராம் எண்ணெய் சுமார் 315 கிலோகலோரி ஆற்றல் தருவதால், வழக்கமான எண்ணெய்க்குப் பதிலாகவே இதைப் பயன்படுத்தலாம். கூடுதலாகச் சேர்த்தால் உடல் எடை கூடும்.