பொன்னியும் கடல் கடந்த தமிழெழுத்தும்

மலேசியத் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் ரப்பர்த் தோட்டத்திலிருந்து தொடங்குவர். புதுக்கோட்டை இதழொன்றையும் உடன் கூறல் வேண்டும் என்பது எம் கருத்து.

புதுக்கோட்டை தனியரசாக இருந்த 1947இல், கோனாபட்டு முருகு சுப்பிரமணியன் அங்கிருந்து ‘பொன்னி’யை வெளியிட்டார். முடியரசன், வாணிதாசன் முதலிய இளங்கவிஞர்களை அது ‘பாரதிதாசன் பரம்பரை’ என்று அறிமுகஞ் செய்தது. பரம்பரை என்னும் சொல் ஈண்டு நோக்கத்தக்கது. குருதிவழியையும் மடத்துவழியையும் குறித்துவந்த அச்சொல், சாதி மறுத்த கவிஞர் குழுவுக்குப் பெயராயிற்று. பிறப்பாலன்றி மொழியால் ஒரு குலம் காணும் முயற்சி அது எனலாம்.

1950களில் அவர் சிங்கப்பூர் சென்று ‘தமிழ் முரசி’ல் பணியாற்றினார். பின்னர்க் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியராகிச் சிறுகதைகளுக்குப் பவுன் பரிசு வைத்தார். பரிசுக்கு ஆசான் பெயர் வேண்டா, கதையே சான்று. பல ஊர்களினின்றும் குடியேறியோர் வாழ்ந்த நாட்டில் பரம்பரையினும் இதுவே ஏற்ற வழியாயிற்று. ஆதலின், அயலகத் தமிழெழுத்தைத் தாயகத்தின் கிளையென்றே கொள்ளுதல் பொருந்தாது. தாயகத்து ஆசிரியரும் அங்கே வேறு முறை கொண்டார்.

1924இல் தோன்றிய நேசன் 2019இல் நின்றது. அதன் பழந்தொகுதிகளைப் பொன்னியோடு ஒருங்குவைத்துப் பயிலுதல் நன்று.